கொதிகலன் அறையிலிருந்து ஒரு புவியியலாளர்

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, மலேயாவின் கமுந்திங் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் கடலைச் சொகுசு அறையிலிருந்து பார்த்ததில்லை. 1903-இல் பிறந்த ஜெர்மன் பயண எழுத்தாளர் கார்ல் ஹெல்பிக்கும் அப்படித்தான். கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டே அவர் தூரக் கடல்களைக் கடந்தார். கரி அள்ளுபவருக்கு ஆய்வு எங்கே கைகூடும் என்று கேட்கலாம். ஆனால் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியா நகரைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1937-இல் போர்னியோவைக் குறுக்கே கடந்தவரும்கூட. உடல் உழைப்பு மட்டுமே ஒருவரை அறிஞராக்கிவிடாது, உண்மைதான். ஆயினும் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கும் பயணிக்கு அதிகாரி சொன்ன ஊர்தான் தெரியும். படகோட்டியோடு சோறுண்டவருக்கோ ஆற்றின் வெள்ளமும் வயலின் விளைச்சலும் சந்தை விலையும் தெரியும். புவியியலுக்கு வேண்டிய சான்றுகள் இவைதாமே!