கர்ப்பத்தில் தைராய்டு புயல்: ஏன்? எப்படி?

கர்ப்பிணிக்குக் காய்ச்சல் 104 டிகிரி. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கைநடுக்கம். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். ஏதோ தொற்று என்றே தோன்றும். தொற்றும் இருக்கலாம். ஆனால் கழுத்து வீங்கியிருந்தால் தைராய்டு புயலை உடனே சந்தேகிக்க வேண்டும். அபூர்வம்தான், ஆனால் தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து.

பெரும்பாலும் கிரேவ்ஸ் நோயே அடிப்படை. உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தூண்டி ஹார்மோனை அளவின்றிச் சுரக்கவைக்கிறது. அதோடு தொற்றோ பிரசவமோ அறுவை சிகிச்சையோ சேர்ந்தால் நிலைமை கைமீறும். குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து, டாக்டரைக் கேட்காமல் தைராய்டு மாத்திரையை நிறுத்துவதும் ஒரு காரணம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புயல் வந்தால், கர்ப்பத்தில் ஏற்கெனவே கூடுதல் ரத்தத்தை இறைக்கும் இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் தீவிர சிகிச்சையைத் தொடங்குவார்கள். முதலில் புரொப்பைல்தையோயூராசில்: அது புதிய ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும், டி4 என்ற தைராய்டு ஹார்மோன் வீரியமிக்க டி3 ஹார்மோன் ஆவதையும் குறைக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே அயோடின். முந்திக் கொடுத்தால் அயோடினே புது ஹார்மோனுக்கு மூலப்பொருளாகிவிடும். இதயவேகத்துக்குப் புரொப்ரனலால், கூடவே ஸ்டீராய்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்தான், ஆஸ்பிரின் கூடாது, அது புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஹார்மோனை விடுவித்துவிடும்.

சிசுவின் இதயத்துடிப்பு தடுமாறினால், உடனே சிசேரியன் செய்யத்தான் மனம் பதறும். ஆனால் அறுவை சிகிச்சை புயலை இன்னும் வலுவாக்கலாம். ஆகவே முடிந்தவரை தாயை முதலில் நிலைப்படுத்துவார்கள். பல சமயம் அதிலேயே சிசுவின் துடிப்பும் சீராகிறது.