பழைய லோடு வண்டியை உடைக்கக் கொடுக்கும் முன்...

மளிகை வியாபாரத்தில் நமக்குச் சமமாக உழைப்பது சரக்கு வண்டிதான். பருப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் சுமந்து பதினைந்து ஆண்டு ஓடிய வண்டி, ஒரு நாள் எஃப்.சி. நேரத்தில் காலை வாரிவிடுகிறது. மெக்கானிக் சொல்லும் செலவு வண்டியின் விலையைத் தாண்டுகிறது. "எடைக்குப் போட்டுருங்க அண்ணாச்சி" என்கிறார் அவர்.

இங்கேதான் வணிகப் பெருமக்கள் சற்று நிதானிக்க வேண்டும். பணத்தை எண்ணி வாங்கியதும் வண்டி நம்மை விட்டுப் போய்விட்டதாக நினைக்கிறோம். ஆர்.சி. புத்தகத்தில் நம் பெயர் அப்படியே இருக்கிறதே! வாங்கியவர் உடைக்காமல், தட்டிக் கொட்டி வேறொருவருக்கு விற்று, அது எங்கோ ஓர் ஆளை இடித்துவிட்டால் நோட்டீஸ் நம் கடைக்குத்தான் வரும். பல கை மாறிய வண்டி ஒன்றின் விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வண்டி இனி ஓடாது என்றானால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. 2021இல் வந்த விதிகளின்படி, அரசுப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் வண்டியை விட்டுச் சான்று பெறலாம். அந்தச் சான்றுடன் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. காயலான் கடைக்காரர் ஓரிரு ஆயிரம் கூடத் தந்தாலும் சான்றை விட்டுவிடாதீர்கள். வண்டி மீது கடன் இருந்தால் அதை முதலில் ஆர்.சி.யிலிருந்து நீக்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் சில ஆண்டு ஓட்டலாம் என்பவர்களுக்குச் சென்னை புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் இருக்கின்றன. கதவு, பம்பர், ரேடியேட்டர் போன்றவற்றைத் தாராளமாகப் பழையதில் வாங்கலாம். கழற்றிய சாமானைக் கையோடு கொண்டு போங்கள்; வண்டியின் பெயர் ஒன்றானாலும் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறும். பிரேக், ஸ்டீயரிங் சாமான்களில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உள்ளே விட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினையே மாற்றினால் பில் வாங்கி, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும்.

இதையெல்லாம் நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு வெள்ளைத்தாள் ரசீதோடு நமது கடை வண்டியைத் தள்ளிவிட்டு மூன்றாண்டு ஆனபின் வரி பாக்கி என்று ஓலை வந்தது. ரசீதை எடுத்துக்கொண்டு ஓடினோம். வாங்கியவரின் கடை இருந்த இடத்தில் டீக்கடை நடந்துகொண்டிருந்தது.