ஃபுளூரினை அடக்கும் கோபால்ட்

தனிமங்களுள் மிகுந்த வினைத்திறன் உடையது ஃபுளூரின். பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி முவாசான் 1886இல் அதனைத் தனித்துப் பிரித்தார். ஹைட்ரோகார்பனில் உள்ள ஹைட்ரஜனை ஃபுளூரின் வாயு நேரடியாகப் பதிலீடு செய்யும்போது, ஒரு மோல் பிணைப்புக்கு 400 கிலோஜூலுக்கும் மேற்பட்ட வெப்பம் வெளிப்படுகிறது. கார்பன்–கார்பன் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 350 கிலோஜூலே போதும். எனவே, கார்பன் சங்கிலி சிதைகிறது, வெடிப்பும் நேரலாம். இவ்வினையை நெறிப்படுத்த உதவும் இடைநிலை உலோகச் சேர்மமே கோபால்ட் டிரைஃபுளூரைடு.

தயாரித்தல்

நீரற்ற கோபால்ட் டைகுளோரைடின் மீது ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஃபுளூரின் வாயுவைச் செலுத்தி இச்சேர்மத்தைப் பெறலாம். கோபால்ட் டைஃபுளூரைடை ஃபுளூரினுடன் சேர்த்துச் சூடாக்கியும் தயாரிக்கலாம்.

பண்புகள்

இது பழுப்பு நிறத் திண்மம். இதன் படிகத்தில் ஒவ்வொரு கோபால்ட் அயனியையும் ஆறு ஃபுளூரைடு அயனிகள் எண்முகி வடிவில் சூழ்ந்துள்ளன. இதிலுள்ள கோபால்ட் +3 ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து +2 நிலைக்கு எளிதில் ஒடுக்கமடைவதால், இது வலிமை மிக்க ஆக்சிஜனேற்றியாகும். நீரையே ஆக்சிஜனேற்றம் செய்து ஆக்சிஜனை வெளியிடும். ஆகவே, ஈரம் படாமல் பாதுகாத்தல் வேண்டும்.

ஃபுளூரினேற்றம்

ஹைட்ரோகார்பனின் ஆவியைச் சூடான கோபால்ட் டிரைஃபுளூரைடின் மீது செலுத்தினால், ஹைட்ரஜன் அணுக்களின் இடத்தில் ஃபுளூரின் அணுக்கள் அமர்கின்றன. ஹைட்ரஜன் ஃபுளூரைடும் கோபால்ட் டைஃபுளூரைடும் உடன்விளைகின்றன. ஒரு ஹைட்ரஜனைப் பதிலீடு செய்ய இச்சேர்மத்தின் இரு மூலக்கூறுகள் தேவை. ஆதலால், 14 ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட ஹெக்சேன் மூலக்கூறு ஒன்றை முழுமையாக ஃபுளூரினேற்றம் செய்ய 28 மூலக்கூறுகள் வேண்டும். எஞ்சும் கோபால்ட் டைஃபுளூரைடு, ஃபுளூரின் வாயுவால் மீண்டும் டிரைஃபுளூரைடாகிறது. இது பௌலர் செயல்முறை எனப்படும். மொத்த வெப்பம் குறைவதில்லை. அது இரு படிகளாகப் பிரிந்து வெளிப்படுவதால் கார்பன் சங்கிலி காக்கப்படுகிறது.

பயன்கள்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் யுரேனியத்தைச் செறிவூட்டும் பணியில், அரிக்கும் தன்மையுடைய யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடைத் தாங்கும் மசகுப்பொருள்கள் தேவைப்பட்டன. அத்தேவையே இம்முறையை வளர்த்தது. இம்முறையில் கிடைக்கும் பெர்ஃபுளூரோடெக்கலின், ஆக்சிஜனை மிகுதியாகக் கரைக்கும் நீர்மம். விழித்திரை அறுவை மருத்துவத்தில் பயன்படுகிறது. எனினும், பெர்ஃபுளூரோகார்பன்கள் வளிமண்டலத்தில் நெடுங்காலம் சிதையாமல் தங்கிப் புவியை வெப்பமாக்குவன. அவற்றுக்கு மதிப்பளிக்கும் வலிய பிணைப்பே அவற்றின் தீங்கிற்கும் காரணமாதலால், அவற்றைக் கசியவிடாது கையாளுதல் இன்றியமையாதது.