தேனிலவுக்குப் போன வெப்பமானி

அருவிக்குச் சுற்றுலா போகிறவர்கள் என்னென்ன எடுத்துச் செல்வார்கள்? மாற்று உடை, துவட்டிக்கொள்ளத் துண்டு, தலைக்கு எண்ணெய், கட்டுச்சோறு. குற்றாலம் போய் வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், திருமணமான கையோடு மனைவியுடன் மலைப் பக்கம் புறப்பட்ட ஒருவர், ஒரு நீண்ட வெப்பமானியையும் கையில் ஏந்திச் சென்றாராம். இயற்பியல் ஆசிரியர்கள் வகுப்பில் விரும்பிச் சொல்லும் கதை இது. அவர் வேறு யாருமல்லர். ஆற்றல் கணக்கின் விடைக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதுகிறீர்களே 'ஜூல்' என்று, அந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்தான்!

ஜூல் பேராசிரியர் அல்லர். மாஞ்செஸ்டரை அடுத்த சால்போர்டில் மது வடிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். 1847 ஆகஸ்ட் 18 அன்று அமீலியா கிரைம்ஸ் என்ற பெண்ணை மணந்தார். புதுமணத் தம்பதியர் ஆல்ப்ஸ் மலைக்குச் சென்றனர். மோன் பிளாங்க் சிகரமும், பனியாறுகளும், பாறையிலிருந்து குதிக்கும் அருவிகளும் நிறைந்த சாமோனிப் பள்ளத்தாக்கு அது; இன்று பிரான்சு நாட்டில் உள்ளது.

அருவியில் வெப்பமானிக்கு என்ன வேலை? ஒரு கிலோகிராம் நீர் 100 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிலையாற்றல் 1 × 9.8 × 100, அதாவது 980 ஜூல். நீர் விழ விழ அது இயக்க ஆற்றலாகிறது. கீழே மோதி நுரைத்துச் சுழன்று அடங்கியபின் அந்த ஆற்றல் எங்கே? வெப்பமாகி நீரிலேயே தங்கியிருக்க வேண்டும். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும். 980-ஐ 4,186-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.23 டிகிரி. முழுதாக ஒரு டிகிரி ஏற வேண்டுமானால் நீர் 427 மீட்டர் விழ வேண்டும்.

இன்று இது உங்களுக்கு வீட்டுப்பாடக் கணக்கு. அன்று அது பெரிய வழக்கு. வெப்பம் என்பது 'கலோரிக்' எனப்படும் ஒரு பாய்மம், அதை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று அறிஞர்கள் பலர் நம்பியிருந்த காலம். அவர்கள் சொல்வது சரியானால், விழுந்த நீர் சூடாக வேண்டிய காரணமே இல்லை. ஜூலோ, உழைப்பு வெப்பமாக மாறுகிறது, இவ்வளவுக்கு இவ்வளவு என்று கணக்காக மாறுகிறது என்றார். எடைக் கற்கள் இறங்கும்போது சுழலும் துடுப்புச் சக்கரத்தால் நீரைக் கலக்கி அதை அளந்தும் காட்டினார். நயாகராவில் 160 அடி விழும் நீர் ஏறத்தாழ பாரன்ஹீட் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடேற வேண்டும் என்று 1845-லேயே எழுதினார். மலை நாட்டில் வாழும் வாசகர்கள் அருவியின் உச்சியிலும் அடியிலும் அளந்து பார்க்கலாமே என்று அழைப்பும் விடுத்தார்.

ஆனால் கேட்பார் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு டிகிரியை யார் நம்புவது? ஜூலிடம் டான்சர் என்ற மாஞ்செஸ்டர் கருவி வல்லுநர் செய்து கொடுத்த நுட்பமான வெப்பமானிகள் இருந்தன, மற்றவர்களிடம் இல்லை. 1847 ஜூனில் ஆக்ஸ்போர்டு மாநாட்டில் பேச எழுந்தபோது, சுருக்கமாக முடிக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். அங்கே உன்னிப்பாகக் கேட்டவர் 23 வயது வில்லியம் தாம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு. அவருக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. வெப்ப எந்திரத்தை நீர்ச்சக்கரத்துக்கு ஒப்பிட்டவர் பிரெஞ்சு அறிஞர் கார்னோ. உயரத்திலிருந்து இறங்கும் நீர் குறைவதில்லை. அதுபோல் உயர்ந்த வெப்பநிலையிலிருந்து இறங்கும் வெப்பமும் குறைவதில்லை என்பது அவர் கொள்கை. தாம்சன் அதில் ஊறியவர்.

அந்தத் தாம்சனும் அவ்வாண்டு ஆல்ப்ஸுக்குப் போயிருந்தார். மலைப் பாதையில் ஜூல் எதிரே வந்தார். கையில் நீண்ட வெப்பமானி. சற்றுத் தள்ளி வண்டியில் ஒரு பெண்மணி. பிறகு இருவரும் மார்த்தினி ஊரில் சந்தித்து, சலாஞ்ச் அருவியைப் பார்த்தார்கள். நீர் முழுவதும் தூவானமாகச் சிதறியதால் சோதனைக்கு உதவவில்லை. முதுமையில் கெல்வின் நினைவுகூர்ந்தது இது.

இங்கே ஒரு சிக்கல். சந்திப்பு நடந்த சமயத்தில் தந்தைக்குத் தாம்சன் எழுதிய கடிதம் ஒன்று உள்ளது. ஜூல் மணமானதும், மனைவி வண்டியில் வந்ததும் அதில் உண்டு. வெப்பமானி இல்லை! ஆக்ஸ்போர்டுக்கு இரண்டு வாரம் கழித்துச் சந்தித்ததாக முதியவர் சொன்னார். உண்மையில் இரண்டு மாதம். ஆகவே, கையில் வெப்பமானி என்பதை நான் பாதிதான் நம்புகிறேன். ஆனால் அருவிச் சோதனையைப் பற்றி இருவரும் முன்பே பேசியிருந்தனர் என்பதற்கு அக்கடிதமே சான்று.

தூவானம் ஏன் காரியத்தைக் கெடுத்தது? 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துளியைக் காற்று தடுப்பதால், அதன் வேகம் வினாடிக்கு ஆறேழு மீட்டருக்கு மேல் போகாது. 100 மீட்டர் விழுந்தாலும், கிலோகிராமுக்கு 20 ஜூல் அளவே மிச்சம் வைத்துக்கொண்டு தரையைத் தொடும். மீதியில் பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடும். அருவியடியில் முகத்தில் அறையும் காற்று இருக்கிறதே, அதை வீசச் செய்வதும் இந்த ஆற்றல்தான். இதைவிடப் பெரிய திருடன் ஆவியாதல். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,450 ஜூல் எடுத்துக்கொள்ளும். நம் 980 ஜூலை விழுங்க 0.4 கிராம், அதாவது ஒரு லிட்டரில் ஏழெட்டுச் சொட்டு ஆவியானால் போதும். அதற்கு மேல் ஆவியானால், கீழே நீர் குளிர்ந்தே இருக்கும்! அருவியில் ஜூலின் கணக்கு பிழையல்ல; அருவி திறந்தவெளியில் இருப்பதுதான் பிழை. அதனால்தான் மூடிய பாத்திரத்துச் சோதனை வென்றது. 1850-ல் அவர் வெளியிட்ட அளவுகளில், எடைகளை 20 முறை இறக்கியும் நீர் ஏறிய சூடு அரை டிகிரி பாரன்ஹீட்டைச் சற்றே தாண்டியது. அதை வைத்து, ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் உயர்த்த 772 அடி-பவுண்டு வேலை வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே தாம்சனும் அவர் பக்கம் வந்துவிட்டார். பின்னர் இருவரும் சேர்ந்து கண்டறிந்த ஜூல்-தாம்சன் விளைவு, காற்றைத் திரவமாக்கும் எந்திரங்களுக்கு அடிப்படையாயிற்று.

அமீலியா 1854-ல் காலமானார். அந்த அருவிப் பயணத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதைக் கெல்வினின் கதை சொல்வதில்லை.

நீங்களும் சோதிக்க விரும்பினால், அருவி வேண்டாம். ஆசிரியரின் துணையுடன், ஒரு மீட்டர் நீள அட்டைக் குழாயில் ஈயக் குண்டுகளைப் போட்டு இரு முனைகளையும் தக்கையால் அடையுங்கள். குண்டுகளின் வெப்பநிலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். குழாயை நிமிர்த்திப் பிடித்து, 50 முறை தலைகீழாகத் திருப்புங்கள். ஈயத்தின் தன் வெப்பம் கிலோகிராமுக்கு 130 ஜூல்தான். எனவே கணக்குப்படி 3.8 டிகிரி ஏற வேண்டும். சாதாரணப் பள்ளி வெப்பமானியே காட்டிவிடும். உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். மிச்சம் எங்கே போயிற்று என்று குழாயையும் தக்கையையும் தொட்டுப் பார்த்து யோசியுங்கள். ஈயம் நச்சு, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறந்துவிடாதீர்கள்.