மர வேலைமேசை

மர வேலைமேசை என்பது ஒருவர் தம் உடலளவுக்கும் பணிக்கும் ஏற்ப மரத்தால் செய்துகொள்ளும் மேசை ஆகும். மின்னணுச் சுற்றுகளைப் பற்றவைத்தல், மாதிரி வானூர்தி செய்தல் முதலிய பொழுதுபோக்குகளுக்காக வீடுகளில் இது அமைக்கப்படுகிறது. சென்னையின் மேற்குப் புறநகர்களான வானகரம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களில் கோடை வெப்பமும் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் மாறிமாறி வருகின்றன. எனவே, மரம் விரிந்து சுருங்குவதைக் கணக்கில் கொண்டே இங்கு மேசையை வடிவமைக்க வேண்டும்.

மரமும் ஈரமும்

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும். ஈரத்தை இழந்து சுருங்கும். இம்மாற்றம் நாரின் நீளவாக்கில் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். மழைக்காலத்தில் மரக்கதவுகள் நிலையில் இறுகிக்கொள்வது இதனாலேயே ஆகும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்து நீடித்தால், மரத்தின் ஈர அளவு ஏறத்தாழ 12 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகும். அப்போது 600 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை, அது அறுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 2.5 முதல் 4.5 மி.மீ. வரை விரியும்.

இணைப்பு முறை

மேற்பலகையை அடிச்சட்டத்துடன் பசையிட்டோ பல இடங்களில் திருகாணியால் இறுக்கியோ பிணைத்தால், விரிய இடமின்றி அது வளையும், சுருங்கும்போது வெடிக்கும். எனவே சட்டத்தில் வட்டத்துளைக்கு மாற்றாக, பலகையின் அகலவாக்கில் நீண்ட துளைகள் இடப்படுகின்றன. திருகாணி அத்துளைக்குள் நகர்வதால் பலகை தடையின்றி அசைகிறது. பழைய வீடுகளின் பலகைக் கதவுகளிலும் நடுப்பலகை பசையின்றிச் சட்டத்தின் பள்ளத்தில் செருகப்பட்டிருப்பதைக் காணலாம். கால்களையும் சட்டத்தையும் இணைக்க, ஒரு துண்டின் முனையை நாக்குபோல் செதுக்கி, மற்றதில் உளியால் வெட்டிய துளையில் பொருத்துவது உறுதியான முறையாகும்.

மரத் தேர்வு

தேக்கின் வைரப்பகுதி கரையானை எதிர்க்கும், விலை அதிகம். இரப்பர் மரம் மலிவானது. ஆனால் போரான் சேர்மங்களால் பதப்படுத்தாவிடில் எளிதில் உளுத்துவிடும். பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த தகடுகளின் நார்கள் குறுக்காக அமைவதால், அது மிகக் குறைவாகவே விரியும். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஒரு தாளிலிருந்து 4 அடி நீளம், 2 அடி அகலத்தில் நான்கு மேற்பலகைகள் வெட்டலாம். துகள்பலகை நீரில் ஊறினால் உப்பும். உலர்ந்த பின்னரும் பழைய நிலைக்குத் திரும்பாது. சென்னையில் 2015 திசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீடுகளுக்குள் நீர் புகுந்ததால், தரைத்தள வீடுகளில் இது கவனிக்கத்தக்கது.

அளவுகள்

அமர்ந்து எழுதும் மேசைகள் பொதுவாக 720 முதல் 750 மி.மீ. உயரம் கொண்டவை. எனினும், பயன்படுத்துபவர் அமர்ந்த நிலையில் அவருடைய முழங்கை உயரத்தை அளந்து முடிவு செய்வதே சிறந்தது. பலகையின் தடிமன் இரு மடங்கானால் அதே எடைக்கு ஏற்படும் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். நடுவில் வைத்த எடைக்கு, தாங்கிகளின் இடைவெளி இரு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். ஆகவே நீண்ட மேசைக்கு நடுவில் ஒரு தாங்குசட்டம் தேவைப்படும்.

மேற்பூச்சு

வார்னிசு ஈரம் புகுவதைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுக்காது. மேற்புறத்தில் மட்டும் பூசினால் இரு பக்கங்களும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் ஏற்றுப் பலகை கோணும். எனவே அடிப்புறத்திலும் அதே அளவு பூச வேண்டும். பற்றவைப்புக் கோலின் முனை 300 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறும் என்பதால், அது மேசையில் படாதவாறு தாங்கியில் வைக்கப்பட வேண்டும்.