முன்பாதி வந்தது, பின் அச்சு வந்ததா?

கார் பிரியர்கள் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி, "எத்தனை குதிரை?" என்பதுதான். முந்நூறு என்றால் புருவம் உயரும். ஐந்நூறு என்றால் போனட்டைத் திறக்கச் சொல்வார்கள். ஆனால், குனிந்து காரின் பின்பக்க அடியைப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கேதான் அந்தக் குதிரைகள் எல்லாம் வந்து சேரும் பின் அச்சு இருக்கிறது.

அமெரிக்க 'மசில் கார்' என்றதும் நமக்கு மஸ்டாங் நினைவுக்கு வரும். 2016-ஆம் ஆண்டு அது நம் நாட்டில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது. பினாங்கு சாலைகளிலும் அவ்வப்போது கண்ணில் படுகிறது. ஆனால் தீபகற்ப மலேசியாவில் அதன் 5 லிட்டர் வி8 இஞ்சினுக்கு ஆண்டுச் சாலை வரி மட்டும் 10,900 ரிங்கிட்டைத் தாண்டும். 2.3 லிட்டர் டர்போ என்றால் 650 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். வி8 எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எனவே நம் பிள்ளைகளின் 'மசில் கார்' பெரும்பாலும் வேறொரு வடிவில் பிறக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அப்பா, தாத்தா ஓட்டிய டொயோட்டா கொரோலா கேஈ70, 'டிஎக்ஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் அதே கார். பின் சக்கரங்கள் இழுக்கும் கார், எடை குறைவு. அதன் 1.3 லிட்டர் இஞ்சினை இறக்கிவிட்டு, ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப்கட்' ஒன்றிலிருந்து பெரிய இஞ்சினை ஏற்றுகிறார்கள். 2.5 லிட்டர் இரட்டை டர்போ 1ஜேஇசெட் வரை அதில் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஹாஃப்கட் என்பது பெரும்பாலும் காரின் முன்பாதி. இஞ்சின் வரும், கியர்பாக்ஸ் வரும், ஒயரிங் வரும். அந்த இஞ்சினைத் தாங்குவதற்காகவே செய்த பின் அச்சு அதில் வராது. 280 குதிரைத்திறன் இஞ்சின், அறுபது எழுபது குதிரைத்திறனுக்காக வார்த்த அச்சோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

அச்சுக்குக் குதிரை தெரியாது

"இந்த அச்சு எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?" என்று பட்டறையில் கேட்பார்கள். நேரான பதில் கிடைக்காது. ஏனென்றால் அச்சு உணர்வது குதிரைத்திறனை அல்ல, முறுக்குவிசையை. ஈரத்துணியைப் பிழியும்போது துணி உணர்கிறதே, அந்த முறுக்கு. அதுவும் இஞ்சினில் இருக்கும் அளவோடு வருவதில்லை. கியர்பாக்ஸ் ஒருமுறை பெருக்குகிறது, பின்னால் உள்ள டிஃப்ரென்ஷியல் இன்னொருமுறை பெருக்குகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கியர் 3.5 மடங்கு, டிஃப்ரென்ஷியல் 4 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 மடங்கு. கேஈ70-இன் பழைய இஞ்சின் தருவது சுமார் 93 நியூட்டன் மீட்டர். பின் அச்சுக்கு வந்து சேரும்போது அது 1,300 ஆகிவிடும். 1ஜேஇசெட் இஞ்சினின் 363 நியூட்டன் மீட்டரை அதே 14-ஆல் பெருக்கினால் 5,000-ஐத் தாண்டும். ஏறக்குறைய நான்கு மடங்கு.

அப்படியானால் அந்த அச்சு முதல் நாளே முறிந்திருக்க வேண்டுமே? பல கார்களில் மாதக்கணக்கில் ஓடுகிறதே, எப்படி?

காப்பாற்றும் டயர்

விடை டயரில் இருக்கிறது. சாலையைப் பிடித்துக்கொள்ள டயரால் முடிந்த அளவுக்குத்தான் அச்சில் முறுக்கு ஏறும். அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிச் சுழலும். ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் புறப்படும்போது 550 கிலோ பின் சக்கரங்கள் மீது அமர்கிறது என்று கொள்வோம். சாதாரண டயர், காய்ந்த சாலை. அப்போது பின் அச்சில் ஏறக்கூடிய முறுக்கு சுமார் 1,350 நியூட்டன் மீட்டர்தான். இஞ்சின் 5,000 கொடுக்கத் தயாராக இருந்தாலும் மிச்சம் புகையாகப் போய்விடும்.

ஆகவே அச்சின் மேல் ஏறும் சுமையைத் தீர்மானிப்பவை மூன்று: காரின் எடை, டயரின் பிடிப்பு, முறுக்கு வந்து இறங்கும் வேகம். இஞ்சினை மாற்றி ஆறு மாதம் ஒன்றும் ஆகாமல் ஓடிய கார், நல்ல அகலமான ஒட்டும் டயர் போட்ட வாரத்தில் அச்சை முறிப்பதற்குக் காரணம் இதுதான். பந்தய டயரோடு அதே காரில் அச்சு தாங்க வேண்டிய சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

மூன்றாவதுதான் மிக மோசமானது. மெல்லத் தள்ளினால் அசையாத கதவு, ஓங்கி உதைத்தால் பெயர்ந்துவிடும் அல்லவா? கிளட்சைத் திடீரென விடுவது அப்படிப்பட்ட உதை. நம் ஊர் மழையும் அதே வேலையைச் செய்யும். ஈரத்தில் வெறிகொண்டு சுழலும் சக்கரம் சட்டென்று காய்ந்த தாரைத் தொட்டால், சுழற்சியில் சேர்ந்திருந்த வேகம் முழுவதும் ஒரே நொடியில் அச்சில் இறங்கும். மேலே போட்ட கணக்கையெல்லாம் மீறிய அதிர்ச்சி அது.

எது முதலில் போகும்?

பின் அச்சு என்பது ஒரே பொருள் அல்ல. நீளத்தண்டு கொண்டுவரும் சுழற்சியை பினியன் என்ற சிறு பற்சக்கரம் வாங்கி, கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்துக்குக் கொடுக்கிறது. அதற்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் இடது வலது எனப் பிரிக்கின்றன. அங்கிருந்து இரண்டு ஆக்சில் தண்டுகள் சக்கரங்களுக்குப் போகின்றன. இதில் எது பலவீனமோ அதுதான் முழு அச்சின் பலம்.

தண்டின் பலம் அதன் குறுக்களவின் மூன்றாம் மடியாக ஏறும். குறுக்களவை 1.2 அங்குலத்திலிருந்து 1.5 அங்குலமாக்கினால், அதாவது கால் பங்கு தடிமன் கூட்டினால், தாங்கும் முறுக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அமெரிக்கர்கள் அச்சின் பெயரையே கிரவுன் வீலின் அங்குலத்தில் சொல்வது இந்த அளவு முக்கியம் என்பதால்தான். ஃபோர்டு 1957-இல் கொண்டுவந்த 9 அங்குல அச்சைப் பந்தயக்காரர்கள் இன்றும் தேடிப் பொருத்துகிறார்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் கஞ்சத்தனம் காட்டியதுண்டு. 1998-ஆம் ஆண்டு செவர்லே கமாரோவில் 5.7 லிட்டர் வி8 இஞ்சின், 305 குதிரைத்திறன். பின்னாலோ 7.6 அங்குல அச்சு. ஒட்டும் டயரோடு பந்தயத்துக்குப் போனவர்களிடம் அது முறிவதற்குப் பேர்போனது. மறுபக்கம், 2013-ஆம் ஆண்டு ஷெல்பி ஜிடி500 மஸ்டாங், 662 குதிரைத்திறனை 8.8 அங்குல அச்சில் ஓட்டிக் காட்டியது. இஞ்சின், கியர், டயர், அச்சு நான்கையும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டதன் பலன் அது. வீட்டில் நாம் மாற்றும்போது அந்த மேசையில் யார் உட்காருகிறார்கள்?

சக்கரம் தனியே போனால்

இது வெறும் பணக் கணக்கு அல்ல. பல கார்களில் ஆக்சில் தண்டுதான் சக்கரத்தையும் சுமக்கிறது. தண்டைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் சிறு கொக்கி வளையம் என்றால், தண்டு முறிந்ததும் சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடும். வெளி முனையில் பேரிங் பிடித்திருக்கும் வகையில் ஆபத்து குறைவு. ஆனால் பேரிங்குக்கு வெளியே முறிந்தால் அங்கும் அதே கதிதான். லாரிகளில் சக்கரத்தைச் சுமப்பது வேறு, சுழற்றுவது வேறு. தண்டு முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும்.

அமெரிக்காவின் என்எச்ஆர்ஏ பந்தய அமைப்பு, கால் மைலை 10.99 வினாடிக்குள் கடக்கும் காருக்கு வலுவூட்டிய ஆக்சில் தண்டும், அது வெளியே வராமல் தடுக்கும் பிடிப்பும் கட்டாயம் என்கிறது. அதுவும் இருபுறமும் தடுப்புச்சுவர் உள்ள பந்தயத் தடத்தில். 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்திலோ துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையிலோ பக்கத்துத் தடத்தில் போவது யார்? இரவு வேலை முடிந்து பாயான் லெப்பாஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவர். கழன்ற சக்கரத்துக்கு அவரைத் தெரியாது.

இஞ்சினுக்கு முன் இதைக் கேளுங்கள்

மகனோ தம்பியோ இஞ்சின் மாற்றப்போகிறான் என்றால் திட்டித் தடுப்பது சில வீடுகளில் பலிக்கும், பல வீடுகளில் பலிக்காது. கேள்வி கேட்பது பலிக்கும். பின் அச்சு எந்தக் காருடையது? அந்தக் காரின் இஞ்சின் எத்தனை நியூட்டன் மீட்டர்? தண்டின் குறுக்களவு என்ன? எந்த டயர் போடப் போகிறாய்? பிரேக் மாறுகிறதா? இவற்றுக்கு விடை சொல்லாத பட்டறை, இஞ்சினை மட்டும் விற்கிற பட்டறை. செலவுத் திட்டத்தில் அச்சுக்கும் பிரேக்குக்கும் முதலில் பணம் ஒதுக்கட்டும். மிச்சத்தில் என்ன இஞ்சின் வாங்க முடியுமோ, அதுதான் அந்தக் காருக்கு ஏற்ற இஞ்சின்.

காகிதமும் முக்கியம். இஞ்சின் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும், வாகனப் பரிசோதனையும், கெரானில் புதிய இஞ்சின் விவரமும் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்து நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

இஞ்சினே மாற்றாத வீடுகளுக்கும் இதில் பாடம் உண்டு. ஹைலக்ஸ், வேன், பழைய அவான்சா ஆகியவற்றிலும் பின் அச்சுதான் இழுக்கிறது. அளவுக்கு மீறி ஆளும் சாமானும் ஏற்றி பாலிக் பூலாவ் மேட்டில் ஏறினால் அதே கணக்குதான் அங்கும். கியர் போட்டதும் பின்னால் 'டக்' என்று அடித்தாலோ, வேகத்துக்கு ஏற்ப முனகல் ஏறி இறங்கினாலோ, பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். டிஃப்ரென்ஷியல் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது நினைவில்லை என்றால், இந்த வாரமே காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.