ஒரு மாத வழி, ஒரு பகல் பயணம்

உயர்ந்த வகுப்பில் அமர்ந்து பயணம் செய்யும் வழக்கம் நமக்கு இல்லை. பங்குக் குருவுக்கு இரண்டாம் வகுப்பே போதும் என்பது நாம் குருமடத்தில் கற்ற பாடம். ஆயினும் ஜப்பான் நாட்டில் ஒரு நாள் முழுவதும், வானிலும் தரையிலும், உயர் வகுப்பிலேயே செல்லும் நிலை நமக்கு ஏற்பட்டது. அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுதல் முறை.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் டோக்கியோவில் பொறியாளராகப் பணியாற்றுகிறார். நாம் திருப்பயணமாக அந்நாட்டிற்குச் செல்வதை அறிந்த அவருடைய தாயார், புறப்படுமுன் நம்மைச் சந்தித்தார். “சாமி, அவன் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மாதம் தவறாமல் பணம் வந்துவிடுகிறது. அவன் குரல்தான் வருவதில்லை. பூசைக்காவது போகிறானா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். இந்த விண்ணப்பமே நம் பெட்டியில் இருந்த கனமான பொருள்.

நாகசாகிக்குச் செல்ல வேண்டும் என்று அவரிடம் தெரிவித்தோம். டோக்கியோவிலிருந்து நேரே விமானம் உண்டு. ஆனால் 1597-ஆம் ஆண்டில் இருபத்தாறு மறைசாட்சிகள் நடத்திச் செல்லப்பட்ட திசையில், ஒசாகாவிலிருந்து தரை வழியாகப் போக விரும்பினோம். அவர் தம் செலவிலேயே அனைத்தையும் முன்பதிவு செய்திருந்தார். “இவ்வளவு செலவு எதற்குத் தம்பி?” என்றோம். “பரவாயில்லை சாமி, உங்களுக்கு இதுகூடச் செய்யாமல் எப்படி?” என்றார். அம்மாவைப் பற்றிய பேச்சு எழுந்ததும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

வானில் ஒரு மணி நேரம்

சனிக்கிழமை காலை ஹனேடா விமான நிலையத்திலிருந்து ஒசாகாவின் இதாமி நிலையத்திற்குப் புறப்பட்டோம். ஜப்பான் ஏர்லைன்ஸ் நிறுவனம் உள்நாட்டு விமானங்களில் முதல் வகுப்பை 2007-இல் தொடங்கியது. ஏர்பஸ் ஏ350 விமானத்தில் அவ்வகுப்பிற்கு உள்ளவை 12 இருக்கைகள் மட்டுமே. சாய்வு நாற்காலி போன்ற அகன்ற இருக்கை, சிறிய தட்டில் அழகுற அடுக்கிய காலை உணவு, கேட்குமுன் வரும் தேநீர். விமானம் நகரத் தொடங்கியபோது தரைப் பணியாளர்கள் வரிசையாக நின்று தலை தாழ்த்தி வணங்கினர். பின் கையசைத்து வழியனுப்பினர். வலப்புறச் சாளரத்தில் 3,776 மீட்டர் உயரமுள்ள பியூஜி மலை பனி மூடி நின்றது. நாம் கட்டளைச் செபத்தை முடிக்கவும், விமானம் இறங்கவும் சரியாக இருந்தது.

நம்பிக்கை என்னும் இரயில்

இதாமியிலிருந்து பேருந்தில் சின்-ஒசாகா நிலையம் சேர்ந்து, அங்கிருந்து ஹக்காத்தா செல்லும் ‘நொசோமி’ இரயிலில் ஏறினோம். அச்சொல்லுக்கு ‘நம்பிக்கை’ என்பது பொருள். ஷிங்கான்சென் எனப்படும் இந்த அதிவேக இரயில்கள் முதன்முதலாக 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடின. ஒசாகாவுக்கு மேற்கே உள்ள பாதை 1975-இல் ஹக்காத்தா வரை எட்டியது. இன்று அங்கு மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. சின்-ஒசாகாவிலிருந்து ஹக்காத்தாவுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்.

‘முதல் வகுப்பு’ என்ற பெயரை ஜப்பானிய இரயில்வே 1969-இல் நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது ‘கிரீன் கார்’. நான்கு இலைகள் கொண்ட பச்சைச் சின்னம் அதன் அடையாளம். சாதாரணப் பெட்டியில் ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கைகள், இதில் நான்கு. கால் நீட்ட இடம் உண்டு, ஓசை குறைவு.

நம் உள்ளத்தைத் தொட்டது வேறொரு காட்சி. நடத்துநர் பெட்டியைக் கடந்து வெளியேறுமுன் திரும்பி நின்று, பயணிகளை நோக்கித் தலை தாழ்த்தி வணங்கினார். பலர் உறங்கிக்கொண்டிருந்தனர், யாரும் அவரைக் கவனிக்கவில்லை. உயர் வகுப்பினருக்கு மட்டும் உரிய மரியாதையோ என ஐயுற்று, சற்று நடந்து அடுத்திருந்த சாதாரணப் பெட்டிக்குச் சென்று பார்த்தோம். அங்கும் அதே வணக்கம், அதே தாழ்வு. காணாத கண்களுக்கு முன்னும் கடமையைக் குறைவின்றிச் செய்யும் அந்தப் பணியாளரிடம், பீடத்தில் நிற்கும் நாமும் கற்க வேண்டியது உண்டு என்று எண்ணிக்கொண்டோம்.

காணாமல் கடந்த ஊர்

ஒக்காயாமாவைத் தாண்டிச் சிறிது நேரத்தில் மிஹாரா என்னும் ஊர் வரும். பழைய கோட்டையின் நிலப்பரப்பிலேயே அதன் இரயில் நிலையம் அமைந்துள்ளது. நொசோமி அங்கு நிற்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிட்டது. அப்பொழுதுதான் அந்த இளைஞரிடம் அவ்வூரின் கதையைக் கூறினோம்.

ஹிதேயோஷியின் ஆணையால் கியோட்டோவில் பிடிபட்ட கிறிஸ்தவர்களின் இடக்காது சிதைக்கப்பட்டது. ஊர்வலமாக இழிவுபடுத்தப்பட்டபின், கடுங்குளிரில் நாகசாகி நோக்கி நடத்தப்பட்டனர். தூரம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். காலம் ஏறத்தாழ ஒரு மாதம். புறப்பட்டோர் இருபத்து நால்வர். வழித்துணையாக வந்து தொண்டு செய்த இருவரும் சேர்க்கப்பட்டு இருபத்தறுவர் ஆயினர். அவர்களுள் இருபதின்மர் ஜப்பானியர். தந்தையோடு நடந்த தோமா கொசாக்கி என்ற சிறுவனுக்கு வயது 14. மிஹாராக் கோட்டையில் தங்கிய இரவில் அவன் தன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினான். தங்களுக்காக வருந்த வேண்டாம் என்றும், தம்பிமாரைப் பார்த்துக்கொள்ளும்படியும் அதில் கேட்டிருந்தான். அக்கடிதம் தாயைச் சேருமுன், இரத்தக் கறையோடு, இறந்த தந்தையின் ஆடையில் கண்டெடுக்கப்பட்டது.

இளைஞர் மறுமொழி கூறவில்லை. கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுச் சாளரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதையில் பாதிக்கு மேல் சுரங்கங்கள் என்பதால், கண்ணாடியில் அவர் முகமே தெரிந்தது.

ஒரே வகுப்பு

ஹக்காத்தாவில் பெட்டிச் சோறு வாங்கிக்கொண்டு வேறு இரயிலில் மாறினோம். தாக்கேயோ ஓன்சென் நிலையத்தில் இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் நின்ற ‘கமோமே’யில் ஏற வேண்டும். கடற்புறா என்பது அதன் பொருள். 2022 செப்டம்பர் 23 அன்று திறக்கப்பட்ட இப்பாதையின் நீளம் 66 கிலோமீட்டர்; அரை மணி நேரத்தில் நாகசாகி. இந்த இரயிலில் கிரீன் கார் கிடையாது. பள்ளி மாணவரும் மூதாட்டியரும் வணிகரும் நாமும் ஒரே வகுப்பில் அமர்ந்தோம். அன்றைய நாளில் நமக்கு மிகவும் இயல்பாக இருந்தது இந்த அரை மணி நேரமே.

வழியில் ஒமுரா விரிகுடா தோன்றி மறைந்தது. சொனோகிக் கரையிலிருந்து இந்தக் கடல்நீரின் மேல்தான் மறைசாட்சிகள் இறுதி நாளுக்கு முன்னாள் படகில் கொண்டு செல்லப்பட்டனர்.

நிஷிசாக்காக் குன்று

நாகசாகி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் நிஷிசாக்காக் குன்று. 1597 பிப்ரவரி 5 அன்று இங்கு இருபத்தறுவரும் சிலுவைகளில் மரித்தனர். இயேசு சபையைச் சேர்ந்த புனித பவுல் மீக்கி சிலுவையிலிருந்தே மறையுரை ஆற்றினார். பம்பாய்க்கு அருகிலுள்ள வசையில் பிறந்த பிரான்சிஸ்கு சபைச் சகோதரர் கொன்சாலோ கார்சியாவும் அவர்களோடு உயிர் நீத்தார். 1862-இல் ஒன்பதாம் பத்திநாதர் அனைவரையும் புனிதர் வரிசையில் சேர்த்தபோது, இந்திய மண்ணில் பிறந்தவர்களுள் முதல் புனிதர் ஆனார் இவர். இரண்டாம் யோவான் பவுல் 1981-இலும், திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இலும் இக்குன்றில் செபித்தனர்.

ஃபுனாகோஷி என்ற சிற்பி வடித்த இருபத்தாறு வெண்கல உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் உயரம் குறைந்தவை மூன்று: 12, 13, 14 வயதுச் சிறுவர்களுடையவை. அவற்றின்முன் இளைஞர் நெடுநேரம் நின்றார். பிறகு சற்று விலகிச் சென்று கைப்பேசியை எடுத்தார். நம் ஊரில் அப்போது உச்சிவேளை. தாயின் குரல் நமக்கும் கேட்டது: “என்னப்பா, இந்த நேரத்தில்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?”

“ஒன்றும் இல்லைம்மா. சும்மாதான். சாப்பிட்டீர்களா?”

அதற்குமேல் இருவராலும் சிறிது நேரம் பேச இயலவில்லை. நாம் ஆலயப் பக்கம் நடந்துவிட்டோம்.

மறுநாள் ஞாயிறு, நாம் அழைக்காமலே அவர் ஊராகாமிப் பேராலயத்திற்கு நம்முடன் வந்தார். 1945-இல் அணுகுண்டால் அழிந்து மீண்டும் எழுந்த ஆலயம் அது. முன்னாள் முதல் வகுப்பில் வந்தவர், கடைசி வரிசைப் பலகையில் முழந்தாளிட்டிருந்தார். இனி ஒவ்வொரு ஞாயிறும் செல்வாரா என நாம் கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் தாயாரிடம் கண்டதை மட்டும் சொன்னோம். “வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறான் சாமி” என்று அவரே மீதியைச் சொன்னார்.

அன்புக் குடும்பங்களே, அயல்நாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் நம் இல்லங்களைக் கட்டியிருக்கிறது. அதற்கு நன்றி கூறுவோம். பிள்ளைகளே, ஒரு மாத வழியை ஒரு பகலில் கடக்கும் காலம் இது. தாய்க்கு ஒரு சொல் எழுத இரத்தம் சிந்தி நடக்க வேண்டியதில்லை. இன்று மாலை செபமாலைக்குப் பின், தொலைவில் இருக்கும் ஒருவரை அழைத்துப் பேசுங்கள்.